கொலுசுப் பட்டறைக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் ஒரே கேமரா

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். புதிய மாடல்களைப் படமெடுத்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் ஏற்காடு சென்று பூக்களையும், முக்கியமாக ஆர்க்கிட்களையும், படமெடுப்பது வழக்கம். என்னிடமுள்ள பழைய கேனன் டி.எஸ்.எல்.ஆரும் அதனோடு வைத்திருக்கும் 18–55, 50 மி.மீ. லென்ஸ்களும் தோளுக்குச் சுமையாகிவிட்டன. சோனி ஏ6400, கேனன் ஆர்50, நிகான் இசட்30 ஆகிய மூன்று மிரர்லெஸ் கேமராக்களில் எதை வாங்கலாம்?
– வாசகர், சேலம்

பதில்: பேட்டரியும் கார்டும் போட்ட நிலையில் ஆர்50-இன் எடை 375 கிராம், ஏ6400-இன் எடை 403 கிராம், இசட்30-இன் எடை 405 கிராம். இந்த முப்பது கிராம் வித்தியாசம், உங்கள் தராசில் வைத்துப் பார்த்தால், ஒரு குழந்தைக் கொலுசுக்குச் சமம். மூன்றிலும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏபிஎஸ்-சி எனப்படும் ஒரே வகை அளவுதான். படத்தின் தரத்தை வைத்து இவற்றில் ஒன்றை ஒதுக்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே கேமராவை விட்டுவிட்டு, அதில் எந்த லென்ஸை மாட்டப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

கொலுசை நெருங்கி எடுக்க, சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் வேண்டும். சோனியில் 30 மி.மீ. மேக்ரோ 138 கிராம்தான்; பொருளின் உண்மையான அளவிலேயே பிம்பத்தைச் சென்சாரில் பதிக்கும். ஆனால் அந்த அளவுக்கு நெருங்கும்போது லென்ஸின் முகப்பு கொலுசுக்கு ஓர் அங்குலத்துக்குள் வந்துவிடுவதால், வெளிச்சத்தை மறைப்பதோடு, மெருகு போட்ட ஒவ்வொரு மணியிலும் ஒரு கறுப்பு வட்டமாகத் தானே தெரியவும் செய்யும். நிகானின் 50 மி.மீ. மேக்ரோவும் முழு அளவில் பதிக்கும். சென்சாரிலிருந்து 16 செ.மீ. தொலைவில் நின்று எடுப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கேனனின் 35 மி.மீ. மேக்ரோ பாதி அளவுக்கு மட்டுமே போகும். கேட்பதற்கு இது குறையாகத் தோன்றினாலும், ஆர்50-இன் சென்சார் 22.3 மி.மீ. அகலமானது என்பதால், பாதி அளவில் நாலரை செ.மீ. அகலம் முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். கொக்கியும், அதையடுத்த நாலைந்து கண்ணிகளும், ஒரு சலங்கைக் கொத்தும் அதில் அடங்கும். வியாபாரிக்கு வேண்டியது வேலைப்பாடுதான்; ஒற்றைக் கண்ணியை அரையடிக்குப் பெரிதாக்கிக் காட்டினால், பற்றவைத்த தடம்தான் முதலில் கண்ணில் படும்.

இந்த மூன்று கேமராக்களின் உடலுக்குள்ளும் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. மேலே சொன்ன மூன்று மேக்ரோக்களில் கேனனுடையதில் மட்டும் லென்ஸுக்குள்ளேயே அது இருக்கிறது. பட்டறையில் ட்ரைபாட் இருந்தால் இது ஒரு பொருட்டல்ல. ஆனால் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில், காலை ஏழு மணிக்கு, மரக்கிளையில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டைக் கையில் பிடித்தே எடுக்கும்போது இதன் அருமை தெரியும். காற்றில் பூ ஆடினால் இதனால் பயனில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

இசட்30-இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. லேடீஸ் சீட் பாறையில் வெயில் ஏறிய பிறகு, திரையில் தெரிவது படமா உங்கள் முகமா என்பதே குழப்பமாக இருக்கும். உங்கள் பயன்பாட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சிய இரண்டில், உங்களிடம் பழைய லென்ஸ்கள் இல்லாதிருந்தால் சோனியையே சொல்லியிருப்பேன். 2010-இல் வந்த அதன் மவுண்ட்டுக்கு, அதாவது லென்ஸை மாட்டும் வளையத்துக்கு, பிற நிறுவனங்களும் ஏராளமாக லென்ஸ் செய்கின்றன. ஆனால் உங்களிடம் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டி மிரர்லெஸ்ஸில் நீங்கியதால், கேனனில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே முன்பு 44 மி.மீ. இருந்த இடைவெளி 20 மி.மீ. ஆகிவிட்டது. மிச்சமான அந்த 24 மி.மீ. இடத்தை நிரப்பும் அடாப்டர் 110 கிராம் எடையுள்ளது. அதை மாட்டினால் உங்கள் 18–55-உம் 50-உம் ஆட்டோஃபோகஸுடன் வேலை செய்யும். எனவே ஆர்50, 35 மி.மீ. மேக்ரோ, அடாப்டர் ஆகிய மூன்றுமே என் பரிந்துரை. பழைய பிளாஷ் வைத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. ஆர்50-இன் மேல்பகுதியில் வழக்கமான தொடுமுனைகள் இல்லாததால், அதை மாட்ட வேறொரு சிறு இணைப்பியும் வாங்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கு நேர் பிளாஷை நான் விரும்புவதில்லை. ஜன்னலோரம் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் வழியாக வரும் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை வைத்து, வெள்ளை வெள்ளையாகவே பதிவதற்கான ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துகொண்டு எடுங்கள். அன்று சிவப்புச் சட்டை வேண்டாம். சலங்கை மணிகள் அத்தனையிலும் சிவப்பு அப்பிக்கொள்ளும்.

ஏற்காட்டைப் பொறுத்தவரை, பனிமூட்டத்தில் கேமரா தானாகக் கணக்கிடும் வெளிச்சம் படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. குளிர்ந்துபோன கேமராவோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்து வெக்கைக்குள் வந்ததும் பையைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரமாவது மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸில் ஈரம் பூத்துவிடும். நான் ஒரு மழைக்காலம் முழுவதும் துணி பீரோவில் வைத்திருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தபோது, உட்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பழுது பார்ப்பவர் சொன்ன கூலி அந்த லென்ஸின் விலையையே நெருங்கியது. அன்றிலிருந்து என் லென்ஸ்கள் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கின்றன.