கடலோர ஜீப்புக்கு பட்டறை பம்பர்: எத்தனை எம்.எம். தகடு?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய மகிந்திரா ஜீப் வைத்திருக்கிறேன். வலையும் மீன் பெட்டியும் ஏற்றிக் கடற்கரை மணலில் ஓட்டுவேன். முன்னும் பின்னும் கனமான பம்பர் செய்ய ஆசை. வீட்டில் பழைய ஜி.ஐ. பைப்பு கிடக்கிறது. எத்தனை எம்.எம். தகடு போடலாம்?"

முதலில் முன்பக்கம். வண்டிக்கு முன்னால் இரும்புக் காப்பு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குறுக்கே வருகிறவர் மீது மோதினால் அந்தக் கம்பிதான் எமன். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். பின் பம்பரையும் கம்பெனி அளவை மீறாமல் திட்டமிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கனத்துக்கு வருவோம். 4 எம்.எம். தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல் வரும். மணலில் அந்த எடை டயரைத்தான் புதைக்கும். பம்பரின் உடம்புக்கு 3 எம்.எம். போதும். சேஸிஸோடு பிடிக்கும் பிராக்கெட் மட்டும் 6 எம்.எம். இருக்கட்டும். இழுவைக் கொக்கி அந்த பிராக்கெட்டில்தான் உட்கார வேண்டும். தகட்டில் வைத்தால், புதைந்த வண்டியை இழுக்கிற அன்று பம்பர் மட்டும் தனியாக வரும்.

ஆனால் நம் கரையில் கனத்தைவிட வடிவம் முக்கியம். தேவிபட்டினம் பக்கத்து ஜீப் ஒன்று என்னிடம் வந்தது. பம்பரில் பெயின்ட் பளபளவென்று இருந்தது. தட்டினால் சத்தம் மந்தமாக வந்தது. கிரைண்டரால் அறுத்ததும் காபி நிறத்தில் தண்ணீர் கொட்டியது, உள்தகடு செதில் செதிலாக உதிர்ந்தது. மூடிய பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே எத்தனை கோட் அடித்தும் பயனில்லை. அதனால் பைப்பையும் பெட்டியையும் விட்டுவிட்டு, 'ப'வைக் கவிழ்த்த மாதிரி கீழே திறந்த சேனலாக மடியுங்கள். தண்ணீர் தங்காது, கையை விட்டுக் கழுவலாம்.

அந்த ஜி.ஐ. பைப்பு வேண்டாம்; அது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் அடித்தால் வரும் வெள்ளைப் புகை, அன்று ராத்திரியே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். ஜாயின்ட்டிலும் ஓட்டை விழும்.

ரெண்டு இன்ச் விட்டு ரெண்டு இன்ச் வெல்டிங் அடிக்கும் வழக்கம் இங்கே ஆகாது; விட்ட இடுக்கில்தான் துரு முதலில் பிடிக்கும். முழுக்க அடிக்கச் சொல்லுங்கள். பிராக்கெட்டுக்கு 7018 என்கிற வெல்டிங் ராடு நல்லது, ஆனால் பிரித்து வைத்த பாக்கெட் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். சூடேற்றிக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். வண்டியிலேயே வைத்து அடிப்பதானால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் பெயின்ட். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். சாதா எனாமல் இங்கே எத்தனை நாள் நிற்கும்? தேய்த்த இரும்பை உப்பு போர் தண்ணீரில் கழுவாதீர்கள், குடிக்கிற காவிரித் தண்ணீரில் கழுவுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் பெயின்ட் கொப்புளிக்கும். நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் செம்பழுப்பு படிந்துவிடும். அதன்மேல் எபாக்ஸி, கடைசியாக வெயில் தாங்கும் பாலியூரிதேன். சேனலின் உட்பக்கத்துக்கும் இதே மூன்று கோட்.