எந்தப் பத்தாண்டின் பாப் இசை மிகவும் சுமார்?

என் பதில் 2000கள். மெட்டுகளில் குறையில்லை, பதிவின் ஒலிதான் காரணம்.

முதலில் ஒன்று: "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்பவர்கள் கேட்பது காலம் சலித்துக் கொடுத்த மிச்சத்தை மட்டும்தான். உட்ஸ்டாக் என்ற புகழ்பெற்ற ராக் இசை விழா நடந்த 1969-இல், அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவின் பாட்டு! அதனால் 'குப்பை நிறைய வந்தது' என்பதை வைத்து எந்தப் பத்தாண்டையும் மட்டம் தட்ட முடியாது.

சரி, 2000களை ஏன் சொல்கிறேன்? என் பாட்டு அடுத்தவன் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி சிடி காலத்தில் முற்றி, மெல்லிய இடத்தையும் உச்சத்தையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிவிட்டார்கள். மெட்டாலிக்கா ராக் குழுவின் 2008 ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், டிரம் அடி ஒவ்வொன்றும் கரகரவென்று உடையும். அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு அமுக்கப்படாமல் வந்தன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள் கொதித்துப்போய், ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்யச் சொல்லி, அதாவது இறுதி ஒலியைத் திரும்பச் சீர்செய்யச் சொல்லி, மனுவே போட்டார்கள். அப்புறம் பாடுபவரின் சுருதியைச் சரிசெய்யும் மென்பொருளாக 1997-இல் வந்த ஆட்டோடியூன், அது குரலில் இருந்த சின்னச் சின்ன நெளிவுகளையும் இஸ்திரி போட்டுவிட்டது. நல்ல பாட்டுகள் இப்படி வீணானதுதான் எனக்குத் தாங்கவில்லை.