கான்ஃபிக்கை ஓடும்போதே படிப்பதா, முன்பே கம்பைல் செய்துவைப்பதா?

வெப் ஃப்ரேம்வொர்க்கில் கான்ஃபிக்கை, அதாவது ஆப்பின் செட்டிங்குகளை, ஓடும்போதே படிப்பது, முன்பே கம்பைல் செய்து தயார் கோடாக வைப்பது, இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வேகத்துக்காகத்தான் கம்பைல் செய்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஜாவா சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது ஒருமுறை எக்ஸ்எம்எல் கான்ஃபிக்கைப் படித்துவிட்டு நாள்கணக்கில் ஓடும். பிஎச்பி வழக்கமாக அப்படியில்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாகப் பிறந்து, பதில் கொடுத்ததும் செத்துவிடும். ஒவ்வொரு தடவையும் கான்ஃபிக் எழுதிய யாம்ல் ஃபைலைப் பார்ஸ் செய்தால் (படித்துப் பிரித்தால்) கட்டுப்படியாகாது. அதனால்தான் சிம்ஃபனி என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க், சர்வீஸ் வரையறைகளை (ஆப்பின் எந்தப் பாகத்தை எப்படி உருவாக்குவது என்ற குறிப்புகளை) எல்லாம் பிஎச்பி கோடாகவே எழுதி கேஷ் ஃபோல்டரில் போட்டுவிடுகிறது.

என் கணக்கில் பெரிய லாபம் வேறு. சர்வீஸ் பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் சிம்ஃபனி கம்பைலிலேயே கத்திவிடும். ஓடும்போது படிக்கிற அமைப்பில், யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை தப்பு தூங்கிக்கொண்டிருக்கும்.

கம்பைலிலும் அடி உண்டு. நான் வாங்கியது லாராவெல் என்ற இன்னொரு பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில். எஸ்எம்எஸ் அனுப்பத் தேவையான ரகசிய கீயை டாட் என்வி ஃபைலில் வைத்திருந்தேன்; ரிக்வெஸ்டைக் கவனிக்கும் கன்ட்ரோலர் கோடுக்குள், அந்த ஃபைலின் மதிப்பைத் தரும் என்வி ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டு எடுத்திருந்தேன். என் மெஷினில் ஓடியது. சர்வரில் ஏற்றும் டெப்ளாய் ஸ்க்ரிப்டில், கான்ஃபிக்கை எல்லாம் ஒரே ஃபைலில் உறையவைக்கும் கான்ஃபிக் கேஷ் கமாண்ட் இருந்தது. சர்வரில் ஒரு எஸ்எம்எஸ்ஸும் போகவில்லை. டாட் என்வி ஃபைலைத் திறந்தால் கீ கண்ணெதிரே இருக்கிறது, கோடோ நல் (மதிப்பே இல்லை) என்கிறது! கேஷ் செய்தபின் லாராவெல் அந்த ஃபைலைத் தொடுவதே இல்லை. என்வி ஃபங்ஷனை கான்ஃபிக் ஃபைல்களுக்குள் மட்டும் கூப்பிடு என்று டாக்குமென்டேஷனில் எழுதியே இருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. கீயை சர்வீசஸ் கான்ஃபிக்குக்கு மாற்றி, அங்கிருந்து எடுத்ததும் சரியாகிவிட்டது.

ஆகவே எதை உறையவைப்பது என்று பாருங்கள். எந்தக் கிளாஸுக்கு எது தேவை, எந்த ரவுட் (வெப் முகவரி) எந்தக் கோடுக்குப் போகும் என்பதெல்லாம் தாராளமாக கம்பைல் ஆகட்டும். பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் முகவரி போன்றவை ஓடும்போதே வரட்டும். சிம்ஃபனி 3.2 முதல் இது சுலபம்: சர்வீஸ்களை உருவாக்கித் தரும் கன்டெய்னர் கம்பைல் ஆகியிருந்தாலும் என்விரான்மென்ட் மதிப்புகளை ரன்டைமில்தான் எடுக்கும். குவார்கஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் எது பில்டிலேயே முடிவாகிவிடும், எதைப் பிறகு மாற்றலாம் என்று ஒவ்வொரு செட்டிங்குக்கும் குறித்தே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. டெவ் மோடில் சிம்ஃபனி கான்ஃபிக் ஃபைல் மாறியதைக் கவனித்துத் தானே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். லாராவெல் செய்யாது. உங்கள் மெஷினில் தெரியாமல் கான்ஃபிக் கேஷ் ஓட்டிவிட்டீர்கள் என்றால், கிளியர் செய்யும்வரை கான்ஃபிக்கில் எதை மாற்றினாலும் அசையாது.