தொலைத்திரையும் கைப்பேசியும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் கேமரா, மின்தூக்கியில் கேமரா, பையில் போன். நாவலின் நாயகன் வின்ஸ்டன் வீட்டில் வேவு பார்க்கும் தொலைத்திரைக்கும் என் போனுக்கும் என்ன வித்தியாசம்? நாம் அந்த நாவலுக்குள்தானே வாழ்கிறோம்?

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொலைத்திரையைக் கொஞ்சம் மங்கலாக்கலாம், முழுதாக அணைக்க முடியாது. ஆனால் மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் அது வேவு பார்க்கும். எப்போது, யாரை என்பதுதான் எவருக்கும் தெரியாது. அறையில் சுவர் உள்வாங்கிய மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து வின்ஸ்டன் டைரி எழுதுகிறான். திரையின் பார்வை அங்கே எட்டாது. மக்களில் 85 விழுக்காடான பாட்டாளிகளில் பெரும்பாலோர் வீட்டில் அந்தத் திரையே கிடையாது.

போனுக்கு ஆள் வேண்டாம், அது பாட்டுக்குக் குறித்து வைத்துக்கொண்டே போகும். அந்த நாவலின் பயங்கரம் அழிப்பதில் இருக்கிறது. பழைய நாளிதழைத் திருத்துவதுதான் வின்ஸ்டனின் வேலை. வேண்டாத தாள் நினைவுக்குழிக்குள் போய் எரிந்துவிடும். நம்மிடம் எதுவும் தானாக எரிவதில்லை. ஆகவே எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் திறக்கலாம் என்ற இரண்டையும்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் கொரோனா தொற்றின் தடமறிய வந்த டிரேஸ்டுகெதர் செயலியை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் வந்தது. புளூடூத் பதிவுகள் 25 நாளில் அழிந்துவிடும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. இடறியது இரண்டாவது கேள்வியில். தொற்றின் தடமறிய மட்டுமே என்று அரசாங்கத்தில் சொல்லியிருந்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. முன்பே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதமே, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். வின்ஸ்டனின் நாட்டில் டைரி எழுதுவது சட்டவிரோதம்கூட இல்லை, அங்கே சட்டமே கிடையாது. பிடிபட்டால் மரணம், இல்லையென்றால் 25 ஆண்டு முகாம். எதை மீறினோம் என்று கேட்க வழியில்லாத ஊர் அது. இங்கே கேட்க வழி இருக்கிறது, அதனால் கேட்டே ஆக வேண்டும்.

போனில் பலர் தவறுவது ஓரிடத்தில். கூகுள் கணக்கில் 'டைம்லைன்' பதிவை மட்டும் நிறுத்திவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்று இன்னொன்று இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்தால், தேடியதோடு, தேடும்போது நீங்கள் இருந்த இடமும் சேர்ந்து பதிவாகும். அதையும் நிறுத்துங்கள். நிறுத்தினாலும் பழையது அப்படியே கிடக்கும், தனியாக அழிக்க வேண்டும். நிறுத்த மனமில்லையென்றால் தானாக அழியும் கெடுவை 3 மாதமாக வையுங்கள். 18, 36 மாதமும் அங்கே இருக்கும்.

பிறகு செயலிகளின் இட அனுமதியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தைக் காட்டும் செயலிக்குத் துல்லியமான இடம் தேவை, அதுவும் பயன்படுத்தும்போது மட்டும். வானிலைச் செயலிக்குத் தோராயமான இடமே தாராளம். டார்ச் லைட் செயலி இடம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.