பிள்ளை இல்லாததால்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் மன்னராகவில்லையா?

அது காரணமில்லை. ஆனால் மக்கள் அவரை நம்பியதற்கு அதுவும் கைகொடுத்தது என்பேன்.

அன்றைய ஐரோப்பாவில் வாரிசுச் சிக்கல் ஒரு நாட்டையே ஆட்டிவைக்கும். இங்கிலாந்தில் பின்னாளில் அரசியான ஆன் 17 முறை கருவுற்றார். பிழைத்து வளர்ந்த ஒரே மகனும் 1700இல், 11 வயதில் இறந்துபோனான். அந்தத் தாயை நினைத்தாலே மனசு கனக்கிறது. அரியணை புராட்டஸ்டன்ட் வழிக்குத்தான் என்று 1701இல் சட்டம் வந்தது. 1714இல் ஆன் இறந்ததும், இன்னும் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க உறவினரைத் தள்ளிவிட்டு, ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜை வரவழைத்து முடிசூட்டினார்கள். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அமெரிக்கர்கள் எதிர்த்துப் போரிட்ட மூன்றாம் ஜார்ஜ்.

இதையெல்லாம் பார்த்த மக்களுக்கு, சொந்தப் பிள்ளை இல்லாத ஒரு தலைவர் பெரிய நிம்மதி. மனைவி மார்த்தாவின் முதல் மணத்துப் பிள்ளைகளைத்தான் வாஷிங்டன் வளர்த்தார். பதவியேற்புக்காக முதலில் எழுதி, பிறகு கைவிட்ட உரையில், குடும்பத்துக்குச் சேர்த்துவைக்கத் தனக்கு வாரிசு இல்லை என்பதை அவரே குறிப்பிட்டிருந்தார்.

சரி, மகன் இருந்திருந்தால்? அடுத்து ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸுக்கு மகன்கள் இருந்தார்கள். அவர்களில் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825இல் ஜனாதிபதி ஆனார், ஆனால் நடுவில் மூன்று பேர் ஆண்டு முடித்த பிறகு, பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்பில் 24 மாநிலங்களில் 13ஐப் பிடித்து. 1828இல் தோற்று இறங்கவும் செய்தார்.

என்னைக் கேட்டால், பிள்ளையை விட அந்த மனிதரின் மனசுதான் முக்கியம். 1782 மே மாதம் லூயிஸ் நிக்கோலா என்ற கர்னல், மன்னர் பட்டம் ஏற்கலாமே என்ற தொனியில் கடிதம் எழுதினார். வாஷிங்டன் அன்றைக்கே கடுமையாகக் கண்டித்துப் பதில் அனுப்பினார். நிக்கோலா மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

அப்புறம் 1783 டிசம்பர் 23, அனாபொலிஸ் நகரம். போரில் வென்ற தளபதி, பதவியைத் திருப்பிக் கொடுக்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன் நிற்கிறார். உறுப்பினர்கள் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் தலை வணங்குகிறார். அவர்கள் தொப்பியை மட்டும் எடுக்கிறார்கள், பதிலுக்கு வணங்கவில்லை. காகிதத்தைப் பிடித்த கை நடுங்கியதால் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படித்தார் என்று அங்கிருந்த ஓர் உறுப்பினர் எழுதிவைத்திருக்கிறார். படித்து முடித்து, நியமன ஆணையை ஒப்படைத்துவிட்டுக் குதிரை ஏறினார். மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மவுன்ட் வெர்னன் வீட்டில் இருந்தார்.