கெவோ பள்ளத்தாக்கு: ஜூன் பயணத்தை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள்

கேள்வி: ஹெல்சின்கியில் வசிக்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் நண்பருடன் பின்லாந்தின் வடகோடியில் உள்ள கெவோ பள்ளத்தாக்கில் நான்கு நாள் நடக்கத் திட்டம். பின்லாந்தில் எங்கும் கூடாரம் அடிக்கலாம் என்பதால் தங்குமிடம் எதையும் முடிவு செய்யவில்லை. ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டுமாம். எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் ஜூன் முதல் வாரத்தில் முடியாது. ஏப்ரல் 1 முதல் ஜூன் 14 வரை பள்ளத்தாக்குப் பகுதிக்குள் யாரும் நடக்கக் கூடாது. பொன்னிறக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் அந்தப் பாறைச் சுவர்களில்தான் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரிக்கும் காலத்தில் மனிதத் தலை தெரிந்தாலே தாய்ப்பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும்.

உங்கள் இரண்டாவது கணக்கும் இங்கே செல்லாது. காட்டில் எவரும் உலவலாம், தங்கலாம் என்ற பின்லாந்தின் பொது உரிமை உண்மைதான். ஆனால் கெவோ 1956 முதல் கடும் பாதுகாப்புக்கு உட்பட்ட இயற்கைக் காப்பகம். சுமார் 700 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. கூடாரமும் அடுப்புத் தீயும் அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமே. வரைபடத்தில் அந்த இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு நாளின் தூரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த இடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

சுலாஓயாவிலிருந்து கெனெஸ்யார்வி வரை பாதை சுமார் 64 கிலோமீட்டர். நாளுக்கு 16 என்பது தாளில் எளிது. சில இடங்களில் 80 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கு இது. பாதை விளிம்பிலிருந்து கீழே இறங்கும், மறுபடி ஏறும். ஏற்ற இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஃபியெல்லு அருவியின் அருகே நின்று பார்க்கவும் நேரம் வேண்டாமா? ஐந்து நாள் வையுங்கள்.

இனி ஆறு. முதுகில் பதினைந்து கிலோ மூட்டையோடு குளிர்ந்த நீரோட்டத்தில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். ஆகவே நீச்சலைவிட நிதானமே இங்கே கைகொடுக்கும். பனி உருகும் ஜூனில் நீர் உயர்ந்திருக்கும். கனமழைக்குப் பிறகும் அப்படியே. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டிமார் சொன்னதை அப்படியே கடைப்பிடியுங்கள்: முதலில் கோலை விடுங்கள், பிறகு கால். அகன்று, சலசலத்து ஓடும் இடமே பெரும்பாலும் ஆழம் குறைந்தது. குறுகி அமைதியாக ஓடும் இடத்தை நம்ப வேண்டாம். மூட்டையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் முன்பே அவிழ்த்துவிடுங்கள். சறுக்கினால் உடனே உதற முடிய வேண்டும். வெறுங்காலோடு இறங்காதீர்கள், உருளைக்கல் வழுக்கும். நடப்பதற்கான காலணி நனையாமலிருக்க இலேசான இன்னொரு ஜோடி கொண்டு போங்கள். நீரோட்டம் வரும் பக்கம் முகம் திருப்பி, கோலை ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். ஒரே நேரத்தில் இருவரும் இறங்க வேண்டாம். தண்ணீர் தொடையைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள், மறுநாள் வடியக்கூடும். இதற்காகவே ஒரு நாள் உணவு கூடுதலாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் நடுப்பகுதியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஜூலையில் கொசுப்படை உங்களைக் கூடாரத்துக்குள்ளேயே அடைத்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் இலைகள் சிவந்து அழகு அள்ளும், ஆனால் இரவில் உறைபனிக்கேற்ற தூக்கப்பை வேண்டும்.

விமானமென்றால் இவாலோ வரை. அங்கிருந்து சாலை வழி. தொடக்கமும் முடிவும் வெவ்வேறு நெடுஞ்சாலைகளில் இருப்பதால், காரில் போனால் திரும்பி வந்து அதை எடுப்பது எப்படி என்பதை முன்பே பேசி வையுங்கள். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசி சமிக்ஞையை நம்ப முடியாது. எந்த நாள் எந்த இடத்தில் தங்குவீர்கள், எப்போது வெளியே வருவீர்கள் என்பதை ஹெல்சின்கியில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நீர் வடியக் காத்திருக்கும் அந்த ஒரு நாளையும் அதில் சேர்த்தே எழுதுங்கள்.