ஜப்பானில் பழைய கைப்பை வாங்கும்போது எதை நம்புவது?

கேள்வி: நானும் என் கணவரும் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள், சிங்கப்பூரில் அவர் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸிலும் நான் அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் டிபெண்டன்ட் பாஸிலும் வசிக்கிறோம். விரைவில் ஒன்பது நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் செல்ல எண்ணியிருக்கிறோம். தேதி இன்னும் முடிவாகவில்லை. அங்கே, பயன்படுத்திய லூயி வுய்ட்டான் கைப்பை ஒன்றை 1,400 சிங்கப்பூர் வெள்ளிக்குள் வாங்க ஆசை. முகநூலில் அறிமுகமான ஒருவர், பத்து சதவீதம் கொடுத்தால் தாமே கடைக்கு அழைத்துச் சென்று அசல் சான்றிதழோடு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எனக்கு அசல் எது, போலி எது என்று பார்க்கத் தெரியாது. அவரை நம்பலாமா? வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: சகோதரி, அவரை நம்ப வேண்டாம். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவரை நான் அறியேன். ஆனால் ஜப்பானில் இந்த வேலைக்கு இடைத்தரகர் என்ற ஒருவர் தேவையே இல்லை. உங்களுக்குப் பையைப் பார்த்துச் சொல்லத் தெரியாது என்பது உண்மைதான். அதற்காக வருந்தவும் வேண்டாம், ஏனெனில் இருபது ஆண்டுகளாகப் பழைய தோல் பொருள்களுக்கு விலை மதிப்பிட்டுவரும் நானே, நல்ல கைவேலையுடன் வரும் இன்றைய போலிகளை ஒரே பார்வையில் ஒதுக்கிவிட முடியும் என்று சொல்லத் துணியமாட்டேன். உங்களைப் போன்றவர் ஆராய வேண்டியது பையை அன்று, அதை விற்கும் கடையை.

பயன்படுத்திய பொருள்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர், 1949-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பழம்பொருள் வணிகச் சட்டத்தின்படி, அந்த மாகாணத்துப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தைக் காவல் நிலையம் வழியாகப் பெற்றிருக்க வேண்டும். தம்மிடம் பொருளை விற்க வருபவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, அந்தக் கொள்முதலைப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். உரிம எண் பொறித்த சிறு பலகை, பெரும்பாலும் கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளோடு, கல்லாவின் அருகே மாட்டப்பட்டிருக்கும். அதில் 12 இலக்க எண் இருக்கும். இந்தச் சட்டம் திருட்டுப் பொருள்களைத் தடம் பிடிப்பதற்காக வந்தது. பை அசல்தான் என்று அந்தப் பலகை உறுதி சொல்வதில்லை. ஆனாலும் யாரிடமிருந்து வாங்கினோம் என்று எழுதி வைத்து, காவல்துறை கேட்டால் காட்டக் கடமைப்பட்ட ஒரு கடை, போலியைத் தெரிந்தே அலமாரியில் வைப்பதற்கு முன் பலமுறை யோசிக்கும். கைபேசிச் செயலியில் தம் வீட்டுப் பொருளை விற்கும் தனி நபருக்கு இந்தக் கட்டாயங்கள் எதுவும் இல்லை. முகநூல் நண்பருக்கும் இல்லை.

நகோயாவின் ஓசு பகுதியில் 1947-இல் சிறு கடையாகத் தொடங்கி இன்று டோக்கியோவிலும் ஒசாகாவிலும் கிளை பரப்பியிருக்கும் கொமெஹ்யோ போன்ற பெரிய நிறுவனங்கள், நாள்தோறும் பொதுமக்களிடமிருந்து நேரடியாகப் பைகளை வாங்குகின்றன. அவற்றின் மதிப்பீட்டாளர்கள் கையில் ஒரு மாதத்தில் புழங்கும் பைகளை, சான்றிதழ் தருவதாகச் சொல்லும் உங்கள் நண்பர் வாழ்நாளிலும் பார்த்திருக்க மாட்டார். போலி விற்பனையைத் தடுக்க வணிகர்களே 1998-இல் அமைத்துக்கொண்ட ஏ.ஏ.சி.டி. என்ற சங்கமும் இருக்கிறது. கடை அதில் உறுப்பினரா என்று கேட்பதில் தவறில்லை. டோக்கியோவில் கின்சா, ஷின்ஜுகு, ஷிபுயா பகுதிகளிலும் ஒசாகாவில் ஷின்சாய்பாஷியிலும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இத்தகைய கடைகள் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருப்பதால், ஒரே பிற்பகலில் நான்கைந்தில் விலை ஒப்பிட்டுவிடலாம். ஹராஜுகுவின் தகேஷிதா தெரு போன்ற நெரிசலான இடங்களில் வாசலில் நின்று கையசைத்து உள்ளே அழைப்பவர்களைப் பின்தொடராதீர்கள்.

இனி அந்தச் சான்றிதழ். இதைப் பற்றிப் பேசினாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பயன்படுத்திய பையைக் கொண்டுபோய், ‘இது உங்கள் தயாரிப்புதானா?’ என்று கேட்டால், பெரிய ஆடம்பர நிறுவனங்களின் கடைகள் பொதுவாக எழுத்தில் பதில் தருவதில்லை. பல லட்சம் யென்னுக்குப் பொருள் விற்றவர்கள், அதே பொருளைத் தம்முடையது என்று ஒப்புக்கொள்ளும் சிறு உதவியைச் செய்ய மறுப்பதால்தான், நடுவில் சான்றிதழ் வணிகம் என்று ஒன்று முளைத்திருக்கிறது. யாரோ ஒருவர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அச்சடித்துத் தரும் தாளுக்கு, அதைத் தருபவரின் பெயருக்கு மேல் எந்த மதிப்பும் கிடையாது. பையோடு வரும் அட்டை, பெட்டி, துணி உறை, ரசீது ஆகியவையும் தனியே விற்கப்படுகின்றன. அசல் பையின் ரசீதைப் போலிப் பையோடு சேர்த்து விற்பது பழைய தந்திரம்.

உள்ளே எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. லூயி வுய்ட்டான் பைகளில் 1980-களின் தொடக்கத்திலிருந்து பொறிக்கப்பட்டு வந்த எழுத்தும் எண்ணும், அந்தப் பை எங்கே, எப்போது தைக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடு மட்டுமே. ஒவ்வொரு பைக்கும் தனித்தனியான எண் அன்று. 2021-இல் அந்த வழக்கம் நின்று, கண்ணுக்குத் தெரியாத சில்லு உள்ளே வைக்கப்படுகிறது. ஆகவே எண் இல்லை என்பதால் பை போலி ஆகிவிடாது, எண் இருப்பதால் அசலும் ஆகிவிடாது.

சான்றிதழுக்குப் பதிலாக நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது வாக்குறுதியும் ரசீதும். ‘பிற்பாடு இது போலி என்று தெரிந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருவீர்களா, யார் போலி என்று சொன்னால் ஏற்றுக்கொள்வீர்கள், எத்தனை நாளுக்குள்?’ என்று கைபேசியின் மொழிபெயர்ப்பில் எழுதிக் காட்டுங்கள். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பின்னால் சண்டை வருவது அங்கேதான். பதிலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பையின் பெயரும் மாதிரியும் எழுதிய ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகக் கடையில் வாங்கியதைத் திருப்பும் சட்ட உரிமை அங்கே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல கடைக்குள் நுழைந்த பின் உங்கள் கவலை போலியைப் பற்றியதாக இருக்கக்கூடாது, பையின் நிலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். விலைச்சீட்டில் எஸ், ஏ, ஏபி, பி, சி என்று மேலிருந்து கீழாகத் தரம் குறித்திருப்பார்கள். இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதால், ஒரு கடையின் ஏபி இன்னொரு கடையின் பி-யாக இருக்கலாம். எழுத்தை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிதாக எழுதியிருக்கும் குறைகளை மொழிபெயர்த்துப் படியுங்கள். ஜப்பானியக் கடைக்காரர்கள் மூலைத் தேய்வையும் மை கறையையும் மணத்தையும்கூட எழுதி வைப்பார்கள். ‘ரிமேக்’ என்றோ ‘கஸ்டம்’ என்றோ கண்டால், அசல் துணியை வெட்டி வேறொருவர் தைத்தது என்று பொருள், ஒதுக்கிவிடுங்கள்.

பையின் உள்பைகளுக்குள் விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். பழைய பைகளின் உள்பூச்சாகப் பயன்பட்ட பாலியூரித்தேன் போன்ற செயற்கைப் பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து காலப்போக்கில் சிதைகிறது. முதலில் பிசுபிசுக்கும், பின்பு செதில் செதிலாக உதிரும். வெளித்தோல் புத்தம் புதிதாக இருக்கும், விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும், உள்ளே விரல் ஒட்டும். சிங்கப்பூரின் ஈரத்தில் அது இன்னும் விரைந்து கெடும். உள்துணி முழுவதையும் மாற்றித் தைக்கும் செலவு, நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். லேசாக ஒட்டினாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதலைத்தோல், மலைப்பாம்புத்தோல் பைகளைத் தொடவும் வேண்டாம். அவை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்டவை. அனுமதித்தாள் இல்லாமல் எல்லையில் பையை இழக்க நேரலாம்.

வரிக்கு வருகிறேன். ஜப்பானின் நுகர்வு வரி 10 சதவீதம். அங்கே விலைச்சீட்டில் வரி சேர்ந்த தொகையைக் காட்ட வேண்டும் என்பதால், 1,32,000 யென் பையில் அடங்கியிருக்கும் வரி 12,000 யென், 13,200 அன்று. குறுகிய காலப் பயணியாக நுழைந்தவர், வரிவிலக்கு உரிமம் உள்ள ஒரே கடையில் ஒரே நாளில், வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் இந்தச் சலுகை உண்டு. கடவுச்சீட்டின் அசல் கையில் இருக்க வேண்டும். 2026 அக்டோபர் 31 வரை இந்த வரியைக் கடையிலேயே கழித்துக்கொண்டு விற்பார்கள். நவம்பர் 1 முதல் வரியோடு முழு விலையையும் செலுத்திவிட்டு, வாங்கிய 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதி செய்த பிறகே பணம் திரும்ப வரும். அதிகாரிகள் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், பையைப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிடாமல் கையில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்துக்கு முன்கூட்டியே சென்றுவிடுங்கள்.

இந்த மாற்றம் ஏன் வந்தது தெரியுமா? வரியில்லாமல் வாங்கிய பொருள்களை ஜப்பானுக்குள்ளேயே மறுவிற்பனை செய்து வரியைச் சுருட்டும் கூட்டம் பெருகியதால்தான். அவர்களுக்குத் தேவை பயணிகளின் கடவுச்சீட்டு. ‘உங்கள் பெயரில் எனக்கும் இரண்டு பை வாங்கித் தாருங்கள், கமிஷன் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். அவ்வாறு கைமாற்றுவது சட்டப்படி குற்றம். கணக்கில் நிற்பது உங்கள் பெயர். அழைத்துச் செல்கிறேன் என்று முன்வருபவர்களில் சிலரது நோக்கம் இதுவே.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் நிலையில் இருப்பவர்கள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து திரும்புபவருக்கு 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. என்னும் பொருள், சேவை வரி இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும் பொருந்தும். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ், மாணவர் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கும் இல்லை, உங்கள் கணவருக்கும் இல்லை. 1,400 வெள்ளிக்குப் பை வாங்கினால், குடியுரிமை உள்ள உங்கள் அண்டை வீட்டுக்காரர் 500 வெள்ளி போக மீதி 900 வெள்ளிக்கு 9 சதவீதமாக 81 வெள்ளி செலுத்துவார். நீங்கள் முழுத் தொகைக்கும் 126 வெள்ளி செலுத்த வேண்டும். ஒருவேளை உங்கள் தாயார் சென்னையிலிருந்து வந்து உங்களோடு பயணம் செய்தால், சுற்றுப்பயணி என்ற முறையில் அவருக்குச் சலுகை உண்டு, ஆண்டுதோறும் இங்கே வருமான வரி கட்டும் குடும்பத்துக்கு இல்லை. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்காகப் பையை அவர் தோளில் மாட்டி வெளியே அனுப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சலுகை அவரவர் பொருளுக்குத்தான். இரண்டு நாள் பயன்படுத்திவிட்டேன் என்பதும், முன்பே பயன்படுத்திய பை என்பதும் எடுபடாது. பழைய பொருளானாலும் இறக்குமதிக்கு வரி உண்டு.

புறப்படுவதற்கு முன்பே ‘கஸ்டம்ஸ் எஸ்ஜி’ இணையச் சேவையில் அறிவித்துக் கட்டிவிடலாம். வருகைக்கு மூன்று நாள் முன்பிருந்து அது ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால், இறங்கியதும் வரி செலுத்த வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று ரசீதைக் காட்டுங்கள். 1,400 வெள்ளி என்ற உங்கள் வரம்புக்குள் இந்த வரியும் அடங்க வேண்டுமானால், கடையில் ஏறத்தாழ 1,280 வெள்ளிக்கு மேல் போகாதீர்கள்.